ஹராம் என்று சொன்னால் போதுமா?

மது ஹராம் என்பதை மதரஸாவுக்குச் செல்லும் சிறு பிள்ளையும் அறியும். குடிப்பவரும் அறிவார். அறிந்தும் விட இயலாமல் தவிப்பவருக்கு நம் சமுதாயம் என்ன வழி காட்டியிருக்கிறது என்பதே நாம் இன்று எழுப்ப விரும்பும் வினா.

தூத்துக்குடி முதல் கீழக்கரை வரை நீளும் இக்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் சங்கு குளிப்போரும், தோணித் தொழிலாளரும், துறைமுகத்தில் சுமை தூக்குவோரும், கப்பல் வேலைக்குச் சென்று மாதக்கணக்கில் வீடு காணாதிருப்போரும் இன்றும் உள்ளனர். உடல் நோவுக்கும் தனிமைக்கும் மருந்தென்று தொடங்கும் பழக்கம் அவர்களுள் சிலரை விழுங்கிவிடுகிறது. முஸ்லிம் குடும்பங்களில் இது இல்லை என்று மேடையில் முழங்கலாம். இரவில் கதவைத் திறந்துவிடும் மனைவியிடம் அதைச் சொல்ல முடியுமா?

மதுவருந்தியதற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒரு தோழர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் இருந்தார். அவர் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. தண்டனை இருந்தது, சாபம் அனுமதிக்கப்படவில்லை. நம் ஊர்களிலோ சாபமே முந்திக்கொள்கிறது.

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம் திறந்து பேசினால் இருவருமே குடியாதிருக்க முடிகிறது என்று கண்டனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது. 1957-இல் அது இந்தியாவுக்கு வந்தது. தமிழிலும் இக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்ல, ஏனையோர் குறுக்கிடாமல் கேட்பர். பேச விரும்பாதவர் வெறுமனே அமர்ந்திருக்கலாம். ஆயுள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்ற சத்தியத்தை அங்கே எவரும் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் என்பதே அவர்கள் கணக்கு.

நம்மவருக்கு இங்கே இரண்டு தயக்கங்கள் எழுகின்றன. கூட்டங்கள் பல இடங்களில் தேவாலய மண்டபங்களில் நடப்பது ஒன்று. இடம் அவர்களுடையது, கூட்டமோ எந்தச் சமயத்தையும் சார்ந்ததல்ல. தம்மினும் மேலான ஆற்றல் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் முஸ்லிம் ஒருவர் அல்லாஹ்வை நினைப்பதற்குத் தடையேதும் இல்லை. 1989-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முஸ்லிம்கள் அந்தப் பன்னிரு படிகளை இஸ்லாமிய நெறிக்கேற்ப அமைத்து 'மில்லத்தி இஸ்லாமி' என்ற அமைப்பைத் தொடங்கியதும் உண்டு.

மற்றொன்று சற்று நுட்பமானது. அல்லாஹ் மறைத்த பாவத்தை மனிதரிடம் வெளிப்படுத்தலாமா? பாவத்தைப் பெருமையாகப் பறைசாற்றுவதையே மார்க்கம் கண்டிக்கிறது. மருத்துவரிடம் நோயைச் சொல்வது பறைசாற்றுதல் ஆகாது. நோய் நீங்க அதே நோயுற்றவரிடம் சொல்வதும் அத்தகையதே என்பது நம் கருத்து. முழுப்பெயர் கேளாமை, கேட்டதை வெளியே சொல்லாமை என்னும் அவர்களது விதிகள், சகோதரனின் குறையை மறைக்கச் சொல்லும் நம் நெறிக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன!

ஓர் எச்சரிக்கை அவசியம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ரமளான் பிறை கண்டதும் திடீரென்று நிறுத்துவதுண்டு. நோக்கம் உயர்ந்தது, உடலோ தாங்காது. ஓரிரு நாளில் கைநடுக்கமும் வலிப்பும், பின்னர் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவரை முதலில் மருத்துவமனைக்கே அழைத்துச் செல்ல வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்று மருத்துவரிடமே கேட்கலாம். சொந்த ஊரில் முகம் தெரிந்துவிடும் என்று அஞ்சுபவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குச் செல்லட்டும். கடலில் இருப்பவர் கைப்பேசி வழியே கலந்துகொள்ளும் கூட்டங்களும் உள்ளன. ஒரு கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிட்டால் இன்னொன்றைப் பார்க்கலாம். ஒரே தடவையில் முடிவு செய்வது சரியன்று.

குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியும் தாயும் தமக்கென ஆறுதல் தேடலாம். அவர்களுக்காகவே 1951-இல் தொடங்கப்பட்ட ஆல்-அனான் என்ற அமைப்பு உண்டு. நம் பெண்கள் வெளியே சொல்லாமல் சுமக்கும் பாரத்தை நோக்க, இதுவே முதலில் தேவை எனவும் தோன்றுகிறது.

ஜமாஅத் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். குடிப்பவரை விலக்கிவைத்தும் அபராதம் விதித்தும் பார்த்தாயிற்று. அதனால் அவர் இன்னும் இருட்டில் குடிக்கிறாரேயன்றி விட்டுவிடவில்லை. இக்குழுவினர் அணுகினால், மதரஸாவில் ஓர் அறையை வாரம் ஒரு மாலை, இஷாவுக்குப் பின், திறந்துவிடுங்கள். நன்கொடை தர வேண்டாம். வெளியார் பணத்தைப் பெறுவதில்லை என்பது அவர்களது மரபு. சிறு வாடகையை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே யார் செல்கிறார் என்று வாசலில் நின்று பார்க்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.