கேமராப் பையும் வட்டித் தவணையும்

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று புகைப்படத் தொழில் செய்து வருகிறார். ஈராண்டுகளுக்கு முன், நிகாஹ் மண்டபங்களை மட்டுமே மனத்திற்கொண்டு, விலையுயர்ந்த கேமராவையும் 70-200 மி.மீ. லென்ஸையும் வட்டித் தவணையில் வாங்கினார். ரமலான் வந்தது. அம்மாதத்தில் நம் ஊர்களில் திருமணங்கள் அரிது. வருமானம் நின்றது, தவணைத் தேதி நிற்கவில்லை. அவர் ஆலோசனை கேட்டு வந்தபோதுதான், பையிலிருந்த கருவிகள் அனைத்தும் ஒரே வகைப் பணிக்கே உரியவை என்பது நமக்குத் தெரிந்தது.

உருவப்படம் குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே நாம் செல்லவில்லை. இத்தொழிலை ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர். அவர்களின் சம்பாத்தியம் ஹலாலாகவும் ஆண்டு முழுவதற்குமாகவும் அமைய வேண்டும் என்பதே நம் கவலை.

நிகாஹ் இல்லாத நாட்களிலும் வேலை உண்டு: பள்ளி ஆண்டு விழா, உணவகத்தின் பிரியாணித் தட்டு, விற்பனைக்கு வந்த வீடு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியின் தோல் காலணி. ஆனால் ஒவ்வொன்றும் கேட்பது வேறு. இஷாவுக்குப் பின் பள்ளிவாசலில் நடக்கும் நிகாஹில் வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் அடித்தால் சபை கலைகிறது. அங்கே எஃப் 2.8 லென்ஸ், எஃப் 4 லென்ஸைவிட இரு மடங்கு ஒளியை வாங்கித் தரும். காலணியைப் படமெடுக்கவோ எஃப் 8 அல்லது எஃப் 11, ஒரு முக்காலி, இரண்டு விளக்குகள் போதும். பெரும் விலை கொடுத்த அகன்ற துவாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே 24-70 போன்ற ஒரு ஜூம், விலை மலிந்த 50 மி.மீ. எஃப் 1.8, இரண்டு ஃபிளாஷ், முக்காலி ஆகியவற்றோடு தொடங்குபவர் பெரும்பாலான பணிகளை ஏற்றுக்கொள்ளலாம். குத்பாவின்போது மிரர்லெஸ் கேமராவின் ஓசையற்ற ஷட்டர் நல்ல துணை, எனினும் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் சிலவற்றில் படத்தில் பட்டைகள் விழுவதுண்டு. முதல் நாளே அப்பள்ளிவாசலில் சோதித்துவிடல் நலம்.

இரண்டாவது கேமரா வாங்குவோர் அதே நிறுவனத்தின், அதே பேட்டரி பொருந்தும் மாடலைப் பார்க்கட்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். அதைவிட முக்கியம், பெண்கள் பகுதிக்குச் சகோதரியோ மனைவியோ அதை எடுத்துச் செல்லலாம், லென்ஸ்களை மாற்றிக்கொள்ளலாம். இன்று பல குடும்பங்கள் தேடுவது இத்தகையோரைத்தான். அங்கே எடுக்கப்படும் படங்கள் அமானிதம் என்பதால், இரு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் கேமராவுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவதை நாம் வீண்விரயம் என்று சொல்லமாட்டோம்.

ஆண்டில் இருமுறை தேவைப்படும் லென்ஸை விலைக்கு வாங்குவதே நமக்கு வீண்விரயமாகத் தோன்றுகிறது. அதை வாடகைக்கு எடுக்கலாம். இஜாரா மார்க்கம் அனுமதித்த ஒப்பந்தம்; வட்டிக்கடன் அவ்வாறன்று. நண்பர் மூவர் முதல் போட்டுக் கூட்டாகவும் வாங்கலாம். யாரிடம் எந்நாளில் இருக்கும், உடைந்தால் செலவு யாருடையது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் எவ்வளவு விரிவாகக் கட்டளையிடுகிறது என்பதை நாம் அறிவோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தவணைப் படிவத்தில் கையொப்பமிடும் முன், பிள்ளையோடு அமர்ந்து, வரும் பன்னிரண்டு மாதங்களில் எந்த மாதம் என்ன வேலை கிடைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். ஷஅபானில் இருக்கும் பரபரப்பு ரமலானில் இராது. புது மாடல் வந்துவிட்டது என்று அவர் சொன்னால், கையிலுள்ள லென்ஸ் அதில் பொருந்துமா, அடாப்டர் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அதிகமாகக் கேட்கிறோமே என்று தயங்க வேண்டாம். அவரிடம் பணம் கேட்டு வருபவர்கள் தயங்கமாட்டார்கள்.

அந்த மாணவர் தம் பெரிய லென்ஸை வாங்கிய விலைக்கும் வெகு குறைவாக விற்றார். அப்பணம் கடனின் ஒரு பகுதியை அடைத்தது. 50 மி.மீ. லென்ஸும் இரண்டு ஃபிளாஷும் வாங்கி, இப்போது ஒரு காலணிப் பட்டறைக்குப் படமெடுத்துத் தருகிறார், அல்ஹம்துலில்லாஹ். இன்னும் நான்கு தவணைகள் பாக்கி.