110 யாருக்கான எல்லை?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரின் ஈசிஜியில் துடிப்பு 104 என்று வந்தால், "ஓய்வில் 110க்குள்தான், அதே மருந்தைத் தொடரவும்" என்று சீட்டில் எழுதி அனுப்பிவிடுவது நம் வெளிநோயாளர் பிரிவுகளில் பழகிப்போன ஒன்று. வழிகாட்டியை மீறி யாரும் எழுதுவதில்லை. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியும் அந்த எண்ணைத்தான் தொடக்க இலக்காகச் சொல்கிறது. ஆனால் அந்தச் சீட்டுக்கு உரியவர் ருமாட்டிக் மைட்ரல் சுருக்கம் உள்ள 34 வயதுப் பெண் என்றால், அதே எண்ணை அவருக்கும் எழுதலாமா?

110க்கு மூலம் நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ரேஸ் 2 ஆய்வு. நிலைத்துவிட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 614 பேர், சராசரி வயது 68. ஒரு பிரிவினருக்கு ஓய்வில் 110க்குக் கீழ் இருந்தால் போதும். மற்றவர்களுக்கு ஓய்வில் 80க்குக் கீழ், மிதமான உடற்பயிற்சியில் 110க்குக் கீழ். மூன்றாண்டு முடிவில் முதன்மை விளைவு தளர்வுப் பிரிவில் 12.9 விழுக்காடு, கண்டிப்புப் பிரிவில் 14.9. கண்டிப்பால் கூடுதல் பலன் இல்லை, மருத்துவமனைக்கு வரும் தடவைகள்தான் பெருகின. மருந்தளவைச் சரிசெய்து முடித்தபோது தளர்வுப் பிரிவின் சராசரித் துடிப்பு 93 என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 108, 109 என்று நாள் முழுக்க ஓடிய இதயங்களை வைத்து வந்த முடிவு அல்ல அது.

அந்த வயதினருக்கு இந்த முடிவில் எனக்குச் சண்டை இல்லை. மைட்ரல் வால்வு சுருங்கியவரிடம் கணக்கே வேறு. துடிப்பு 70ஆக இருக்கும்போது டயஸ்டோலுக்கு நிமிடத்தில் ஏறத்தாழ 37 விநாடி கிடைக்கிறது. 110இல் அது 28 விநாடியாகச் சுருங்கிவிடும். அதே அளவு ரத்தம் அதே ஓட்டை வழியாக இந்தக் குறைந்த நேரத்துக்குள் போயாக வேண்டும். ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், அதன் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் கிரேடியன்ட் முக்கால் பங்கு கூடுகிறது. 70இல் 8 மில்லிமீட்டராக இருந்தது 110இல் 14. வால்வின் பரப்பு இம்மியும் மாறவில்லை, நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்துவிடுகிறது. கர்ப்பத்தின் இரண்டாம் மூன்று மாதங்களில் முதன்முறையாக மூச்சுத் திணறி வரும் பெண்களிடம் நாம் பார்ப்பதும் இதைத்தான். அங்கே துடிப்போடு ரத்த ஓட்டமும் சேர்ந்து ஏறுகிறது.

இன்னொன்று, நாம் எண்ணுவது படுக்கையில். டிகாக்சின் மட்டும் எடுப்பவரை மேசையில் படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் 88 இருக்கும். நடைபாதையின் கோடிவரை நடக்கவிட்டு, திரும்பி வந்ததும் ஸ்டெதஸ்கோப்பை இதய நுனியில் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள்: 150 இருக்கலாம். டிகாக்சின் வேகஸ் நரம்பு வழியாக வேலை செய்வது. நடக்கும்போது வேகஸ் ஒதுங்கிக்கொள்ளும், மருந்தும் கூடவே ஒதுங்கிக்கொள்ளும். மணிக்கட்டு நாடியை நம்பி எண்ணினாலும் ஏமாறுவோம். குறுகிய இடைவெளியில் வரும் துடிப்புகளில் பல மணிக்கட்டை எட்டுவதே இல்லை. குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவருக்கு, படுத்திருக்கும்போது எடுத்த 88ஆல் என்ன பயன்?

பிற நாட்டு நோயாளிகளின் முடிவை அப்படியே இங்கே இறக்கிக்கொள்வதன் ஆபத்தை இன்விக்டஸ் ஆய்வு காட்டிவிட்டது. மற்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்குப் புதுவகை ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் வார்ஃபரினுக்கு நிகராகவோ மேலாகவோ நின்றதைப் பார்த்து, ருமாட்டிக் நோயிலும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2022இல் வெளியான முடிவு நேர்மாறாக வந்தது: ரிவராக்சபான் பிரிவில் இறப்பு அதிகம். அவர்களின் சராசரி வயது 50ஐ ஒட்டி. பத்தில் ஏழு பேர் பெண்கள். நம் வாசலில் நிற்பவர்கள் இவர்களே.

துடிப்பு வேகத்துக்கு இப்படியொரு பெரிய ஆய்வு நம்மிடம் இல்லை. ருமாட்டிக் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் தாளத்தை மீட்பதா, வேகத்தைக் கட்டுப்படுத்துவதா என்று மும்பையில் 144 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், சைனஸ் தாளத்தில் நிலைத்தவர்களின் உடற்பயிற்சித் திறன் மேம்பட்டது. ஆனால் எந்த வேகத்துக்குக் கட்டுப்படுத்துவது என்பது அதன் கேள்வி அல்ல. 80 என்று நானே ஒரு எண்ணை இங்கே எழுதிவைக்கலாம். அதற்கும் ஆதாரம் கிடையாது. கடுமையான சுருக்கத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் ஓரளவுக்கு மேல் கூடாது. பீட்டா பிளாக்கரை ஏற்றி 55க்கு இறக்கிவிட்டால் மூச்சுத் திணறல் தணிந்து களைப்பு வந்து உட்காரும். சைனஸ் தாளத்தில் இருப்பவர்களுக்குப் பீட்டா பிளாக்கர் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

எனவே இந்த இதழின் அளவில் ஒரு மாற்றம். மைட்ரல் சுருக்கம் பற்றி நமக்கு வரும் கட்டுரைகள் பலவற்றில் கிரேடியன்ட் இருக்கிறது, அதை அளந்தபோது துடிப்பு என்ன என்பது இல்லை. எக்கோ வழிகாட்டிகள் பல ஆண்டுகளாகக் கேட்பது இதைத்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஐந்து துடிப்புகளின் சராசரியையும் கேட்கின்றன. அடுத்த இதழ் முதல் இவ்விரண்டும் இல்லாத கட்டுரைகள் மதிப்பீட்டாளருக்குப் போகாமல் ஆசிரியருக்கே திரும்பும். வேகக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதுபவர்கள் ஆறு நிமிட நடைக்குப் பின் எடுத்த துடிப்பையோ ஹோல்டர் பதிவையோ சேர்த்து அனுப்புங்கள். பல மையங்கள் சேர்ந்து இலக்கு வேகத்தையே சோதிக்க முன்வந்தால், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்; ஆய்வுத் திட்டத்தையே இங்கு வெளியிடுகிறோம்.