பாலத்துக்கு முன் பத்திரம்

அண்மையில் நடந்த ஓர் இலக்கிய ஒன்றுகூடலில் நண்பர் ஒருவர் உணர்ச்சி பொங்கப் பேசினார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பாலம் வந்துவிட்டால், காலையில் மன்னாரில் காரில் ஏறி மாலையில் மதுரையில் நூல் வெளியீட்டுக்குப் போய்விடலாமாம். இன்னொருவர் எழுந்து, பாலம் வந்தால் நாடே பறிபோய்விடும் என்றார். அது ஆதம் பாலமா, இராமர் பாலமா என்று மூன்றாமவர் தொடங்கினார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அந்தக் காரின் சாரதி கையில் என்னென்ன பத்திரங்கள் இருக்க வேண்டும்?” சபை சிரித்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

முதலில், காரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டும் வீசாவும் வேண்டும். சாரதிக்கு, 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். இங்கே எடுத்த வாகனக் காப்புறுதி எல்லையோடு முடிந்துவிடும். அங்கே வேறு எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விடப் பெரியது ‘கார்னே’ எனப்படும் சுங்கப் பத்திரம். வண்டியை அங்கே விற்றுவிட்டு வரமாட்டேன் என்பதற்கு, அதன் பெறுமதியைப் பொறுத்துப் பணமோ வங்கி உத்தரவாதமோ வைத்து, மோட்டார் சங்கம் வழியாகப் பெறவேண்டியது அது. ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். போகும்போதும் வரும்போதும் சுங்கம் முத்திரை குத்தி ஒரு துண்டைக் கிழித்தெடுக்கும். ஒரு முத்திரை தவறினால், வண்டி வீட்டு வாசலில் நின்றாலும் தீர்வை கேட்டுக் கடிதம் வரலாம்.

நம்மில் எத்தனை பேரால் இது முடியும்? நம் ஊர்களில் எத்தனையோ வேனும் ஆட்டோவும் லீசிங்கில் ஓடுகின்றன. மாதத் தவணைக்கே மூச்சு வாங்குபவன் பிணைப் பணத்துக்கு எங்கே போவான்? கடன் முடியாத வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கம்பனிதான் விடுமா?

“அந்தக் காலத்தில் ஒரே ரிக்கற்றில் போனார்களே” என்பார்கள். உண்மை. 1914 இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் வாங்கிய ரிக்கற்றில் ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக் கோட்டைவரை வந்தார்கள். அதுவும் எல்லோருக்கும் பொற்காலமல்ல; தோட்டத் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துத்தான் அனுப்பினார்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பரில். ஆனால் அதற்கு 16 வருடங்களுக்கு முன்னரே, 1948 இல், குடிவரவு குடியகல்வுச் சட்டம் நிறைவேறிவிட்டது. புயலுக்கு முன்பே பத்திரம் நம்மைப் பிரித்துவிட்டது.

என் சாச்சி கீழக்கரையில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மௌத்தான செய்தி வந்ததும் உம்மா புறப்படத் துடித்தார். உம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்தில். அதைத் திருத்தி, கடவுச்சீட்டு எடுத்து, வீசாவும் கிடைத்தபோது நாற்பதாம் கத்தம் முடிந்திருந்தது. விமானம் இருந்தது, ரிக்கற்றுக்குப் பணமும் இருந்தது. பாலம் இருந்திருந்தாலும் உம்மா இந்தப் பக்கத்தில்தான் நின்றிருப்பார்.

2023 ஜூலையில் புதுடில்லியில் இரு அரசுகளும் வெளியிட்ட கூட்டறிக்கை தரைவழித் தொடர்பு பற்றிப் பேசியது. அதற்குச் சொன்ன நோக்கம் என்ன? திருகோணமலை, கொழும்புத் துறைமுகங்களுக்குத் தரைவழி அணுகல். கொள்கலன் லொறிக்குக் கம்பனி பத்திரம் எடுத்துக் கொடுக்கும். உம்மாவுக்கு யார் எடுத்துக் கொடுப்பார்?

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். இந்திய-நேபாள எல்லையைப் பாருங்கள். 1950 ஒப்பந்தத்துக்குப்பின் இரு நாட்டவருக்கும் வீசா இல்லை. இந்தியக் கார் நேபாளத்துக்குள் போக, பதிவுப் பத்திரத்தையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் காட்டி, ‘பன்சார்’ எனப்படும் சுங்கக் கட்டணத்தை நாள் கணக்கில் செலுத்தினால் போதும். இதன் மறுபக்கமும் உண்டு. 2015 இல் பங்களாதேஷ், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் திம்புவில் மோட்டார் வாகன உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2016 இல் பூட்டானின் மேலவை அதை நிராகரித்தது. அங்கெல்லாம் வீதி ஏற்கெனவே இருந்தது. சிக்கியது பத்திரத்தில்தான்.

ஆகவே பாலத்தைப் பாடும் நண்பர்களுக்கும் பழிக்கும் நண்பர்களுக்கும் சொல்கிறேன்: பெயர்ச் சண்டையை விடுங்கள். இரு கரையிலும் இரத்த உறவுள்ளவர்களுக்கு எளிய பயண அனுமதி, சொந்த வாகனத்துக்குப் பிணைக்குப் பதிலாக நாள் கட்டணம், எல்லையிலேயே எடுக்கக்கூடிய காப்புறுதி - இம்மூன்றையும் இப்போதே கேட்போம். முதலாவதற்குப் பாலமே தேவையில்லை. கப்பலில் போகிறவருக்கும் அது உதவும். இவற்றைக் கேட்காமல் பாலத்தை வரவேற்றால், லொறிகள் போவதைப் பார்த்துக் கையசைக்கத்தான் நாம் மன்னாருக்குப் போவோம்.