கம்பியில் தொங்கும் ஷூ

நாட்றம்பள்ளிக்காரனுக்கு ஷூ என்றால் சம்பளம். விடிந்தும் விடியாததுமாக ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் கம்பெனி பஸ் கிளம்பும். டிபன் பாக்ஸும் கையுமாக அதில் போகிறவர்களில் என் அத்தையும் ஒருத்தி. ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பி.காம். நான். நல்ல ஷூவை லேஸ் முடிந்து கரண்ட் கம்பி மேல் வீசுகிறார்கள் என்று கேட்டால் வயிறு எரியுமா, எரியாதா?

அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல தேசத்து நகரங்களில் இது நடக்கிறது. தலைக்கு மேலே ஜோடி ஜோடியாகத் தொங்கும். மாத்யூ பேட் என்ற ஆஸ்திரேலியர் இதை வைத்து ஒரு டாகுமெண்டரியே எடுத்திருக்கிறார். 'தி மிஸ்டரி ஆஃப் ஃப்ளையிங் கிக்ஸ்' என்று பெயர். சின்னப் படம்தான். மனுஷர் ஒரு தந்திரம் செய்தார். டெலிபோன் நம்பர் ஒன்றைக் கொடுத்து, 'உங்களுக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லுங்கள்' என்று உலகத்தைக் கேட்டார். வந்த குரல்களைக் கோத்துவிட்டார்!

கஞ்சா விற்கும் இடத்துக்கு அடையாளம் என்கிறது ஒரு குரல். ரவுடி கோஷ்டியின் எல்லைக்கல் என்கிறது இன்னொன்று. செத்துப்போன சிநேகிதனுக்கு அஞ்சலி, பையன் 'பெரிய மனுஷன்' ஆன கொண்டாட்டம், நோஞ்சான் பையனிடம் பிடுங்கி எறிந்தது, சும்மா பொழுதுபோக்கு... ஆளுக்கொரு கதை. ஹாலிவுட்காரர்களும் விடவில்லை. 1997-ல் வந்த 'வேக் தி டாக்' படத்தில், நடக்காத யுத்தத்தின் இல்லாத வீரனுக்காக ஜனங்களை உருக வைக்க, பழைய ஷூக்களை மரத்தில் எறியும் பழக்கத்தைக் கிளப்பிவிடுவார்கள்.

அத்தைக்கு டாகுமெண்டரியைப் போட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கான்வாஸுடா. நம்ம ஊர் சரக்கு இல்ல" என்று நிம்மதியாகிவிட்டாள்.

எனக்கு நிம்மதி இல்லை. என் மாமாவின் லாரி முன்னாலும் ஒரு ஷூ தொங்குகிறதே! சின்னப் பிள்ளை போடுகிற கறுப்பு ஸ்கூல் ஷூ. ஒற்றை. இத்தனை வருஷமாகக் கேட்கத் தோன்றவில்லை. மாத்யூ பேட் வழியில் நானும் இறங்கினேன்.

டீக்கடைக்காரர்: "திருஷ்டிதான் சார். பழைய செருப்பைப் பார்த்தா பொறாமைக் கண்ணு அதோட போயிடும்."

கிளீனர்: "ஒத்தையாத்தாண்ணே கட்டணும். ஜோடியாக் கட்டினா ராத்திரி எவனாவது கழட்டிட்டுப் போயிடுவான்."

பஞ்சர் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வடக்கே எங்கேயோ ஒரு ஆக்சிடெண்டாம்... சின்னக் குழந்தையாம்... யார் கிட்டயும் சொல்லாதீங்க."

டீ இறங்கவில்லை, சார். மாமா கையைப் பிடித்துத்தான் நான் ஸ்கூலுக்கே போனேன். அன்று ராத்திரி அத்தையிடம் திக்கித் திணறிக் கேட்டேன்.

"அட போடா! அது நம்ம பையனோடது" என்றாள்.

மாமா மகன் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருஷம். மாமா ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு கௌஹாத்தி லோடு ஏற்றிப் போய்விட்டார். அங்கிருந்தே வேறு லோடு, அதன் மேல் இன்னொரு லோடு. 'அப்பா வந்து போட்டு விடட்டும்' என்று பயல் மூணு மாசம் செருப்போடு போயிருக்கிறான். மாமா வந்து போட்டுவிட்டபோது கால் நுழையவில்லை.

"அளவு எடுத்தாப்ல கச்சிதமா வாங்கிட்டாருடா. பிள்ளைங்களுக்கு ஒரு சைஸ் பெரிசா வாங்கணும்னு தெரியல. ஷூ கம்பெனியில இருக்கறவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" அத்தைக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை. இன்னொரு ஷூ பீரோவில் இருக்கிறதாம். பயலுக்கு இப்போது பத்தாம் நம்பர் ஷூ, ஓசூரில் வேலை.

மறுநாள் காலை மாமா லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு முன்னால், முதலில் அந்த ஷூவுக்குத்தான் துணி போனது.

"என்ன மாமா இது, ஒத்தை ஷூ?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

திரும்பாமலே சொன்னார்.

"திருஷ்டிடா."