90 கலம் நெல்லு, நாளைக்கு எவ்வளவு? கணக்கில் கோட்டை விடும் மாணவர்கள்!

"பார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனா கணக்குன்னு வந்தா உதைக்குது!" பவுதிகம், ரசாயனம் படிக்கும் பையன்கள் சொல்லும் பல்லவி இது. பார்முலா மேல் பழி போட்டுப் பயனில்லை. பல பேர் கவிழ்வது அலகில்தான்.

திருமுக்கூடல் கோவில் சுவரைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோவிலில் 11-ம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. கோவிலைச் சேர்ந்த பள்ளிக்கூடம், 15 படுக்கை ஆஸ்பத்திரி ஆகியவற்றின் வரவு செலவு அதில் வெட்டப்பட்டிருக்கிறது.

வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல். காசு தனி. அறுவை சிகிச்சை செய்பவருக்கு 30 கலம்.

கால் என்றால் எது?

வைத்தியருக்கு நாள் படி எவ்வளவு? வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து 90-ஐ வகுத்தால் 0.25. இன்றைய மாணவன் அதற்குக் கீழே கோடு போட்டுவிட்டு எழுந்து விடுவான்.

கால் கலமா, கால் குறுணியா? கலத்துக்கு 12 குறுணி. கால் கலம் என்றால் 3 குறுணி. கால் குறுணியை அளந்து போட்டால் வைத்தியர் வீட்டில் உலை கொதிக்குமா?

மாணவர்களை மிரட்டும் 'மோல்' கூட இந்த ஜாதிதான். டஜன் மாதிரி அதுவும் ஓர் எண்ணிக்கை. எண்தான் ரொம்பப் பெரிசு. தண்ணீர் ஒரு மோல் 18 கிராம். சாப்பாட்டு உப்பு 58.5 கிராம். ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் தேங்காயும் ஒரே எடையா என்ன? 90 கிராம் தண்ணீரில் 5 மோல். குறுணியைக் கலமாக்குகிற வேலை, அவ்வளவே!

நடுவானில் நின்ற என்ஜின்

படித்தவர்களும் தப்பவில்லை. 1983 ஜூலை 23-ல் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு எரிபொருள் கணக்குப் போட்டார்கள். லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கினார்கள். அது பவுண்டு கணக்கு! பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பியது. நடுவானில் இரண்டு என்ஜினும் நின்று போயின. விமானி சாமர்த்தியமாக கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறக்கியதால் 69 பேரும் பிழைத்தார்கள். பெருக்கலில் பிழையே இல்லை என்பதுதான் வேடிக்கை!

"கடைசியில யூனிட் போட்டுக்கோ" என்று டியூஷனில் சொல்லித் தருவதை முதலில் நிறுத்த வேண்டும். கறிவேப்பிலையா அது, இறக்கும்போது தூவ? வரிக்கு வரி எண்ணோடு ஒட்டியே வரவேண்டும். வெட்டுப்படாமல் மிஞ்சும் அலகு, தப்பு எந்த வரியில் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

இன்று ராத்திரி வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதே ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. குறுணிக்கு 8 நாழி. 15 படுக்கைக்கு 360 நாளைக்கு எவ்வளவு? 56 கலம் 3 குறுணி. பையன் "56.25" என்று மட்டும் எழுதி நீட்டினால் விடாதீர்கள். "எதுலடா?" என்று கேளுங்கள்.