எந்த நீரில் குத்திய முள்?

மருத்துவக் குறிப்பு எழுதும்போது அடுத்த சொல்லைக் கணினியே எடுத்துக் கொடுத்தால் செவிலியரின் வேலை பாதியாகும் என்கிறார்கள் முன்கணிப்புத் தட்டச்சின் ஆதரவாளர்கள். நோயாளிகள் சொல்வது பெரும்பாலும் ஒன்றேபோல் இருக்கிறது, எழுதுவதும் அப்படியே இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் வாதத்தின் அச்சாணி. பழவேற்காட்டு ஏரிக்கரையில் அந்த அச்சாணி ஒரு நாள் தாங்காது.

இந்த ஏரியில் இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை இழுப்பவர் காலில் கெளுத்தி முள் ஏறும். திருக்கை வாலால் அடிக்கும். சுகாதார நிலையத்துக்கு வந்தால் “கால்ல முள்ளு குத்திடுச்சு” என்பார்கள், அவ்வளவுதான். ‘கால், காயம்’ என்று அடித்ததும் கருவி எதை நீட்டும்? அதிகம் பேர் எழுதியதை: காயம் கழுவப்பட்டது, டி.டி. ஊசி போடப்பட்டது. இதில் பொய் எதுவும் இல்லை. விடுபட்டதுதான் ஆளைக் கொல்லும்.

வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் கிருமி விப்ரியோ வல்னிஃபிகஸ். கல்லீரல் கெட்டவர், சர்க்கரை நோயாளி போன்றோரின் காயத்தில் அது புகுந்தால் ஓரிரு நாளில் சதை அழுகும். காலை எடுக்க நேரும், உயிரும் போகும். சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்குப் போதாது. டாக்ஸிசைக்ளினோடு செஃப்டாசிடிம் போன்ற மருந்தையும் சேர்த்து உடனே தொடங்க வேண்டும். திருக்கை அடித்திருந்தால் முதலுதவியே வேறு: அதன் நஞ்சு சூட்டில் சிதையும் என்பதால், பொறுக்கும் சூட்டு வெந்நீரில் காலை வைத்தாலே வலி தணியும். பொன்னேரி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளியை அங்கே பார்க்கும் மருத்துவருக்கு, முள் எந்த நீரில், எந்த மீனால் ஏறியது என்று சொல்லக்கூடியது அந்தக் குறிப்பு ஒன்றுதான்.

‘கருவி சொல்லை நீட்டுகிறது, ஏற்பதும் தள்ளுவதும் செவிலியர் பாடு’ என்பது அடுத்த சமாதானம். ஆர்னால்ட், சான்சி, கயோஸ் ஆகிய மூவர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இடம் தரவில்லை. படத்துக்கு விளக்கம் எழுதியவர்களுக்குச் சொற்களை நீட்டிக் காட்டியபோது விளக்கம் சுருங்கியது. எதிர்பாராத சொற்கள் குறைந்தன. உட்கார்ந்து படம் பார்த்து எழுதியவர்களுக்கே இந்தக் கதி. வாசல்வரை வரிசை நிற்கும்போது எழுதுகிறவர் எத்தனை முறை தள்ளுவார்?

கருவிகள் கற்கும் பாடத்தையும் பாருங்கள். மருத்துவக் குறிப்பு ஆய்வுகள் பெரிதும் நம்பியிருக்கும் மிமிக்-3 தொகுப்பு, 2001 முதல் 2012 வரை பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்ந்தது. நம் கெளுத்தி முள்ளுக்கு அங்கே என்ன வேலை?

செவிலியரின் எழுத்துச் சுமை உண்மை; எனக்கும் அது பொறுக்கவில்லை. ஒரே தாயின் விவரத்தைப் பதிவேட்டிலும், கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் பிக்மி தளத்திலும் இருமுறை ஏற்ற வைப்பதை முதலில் நிறுத்துங்கள். சுருக்கெழுத்தை விரிக்கும் வசதி கொடுங்கள்: ‘கெமு’ என்று அடித்தால் ‘கெளுத்தி முள் குத்து’ என்று விரியட்டும். அங்கே என்ன எழுதுவது என்று முடிவெடுத்தவர் செவிலியர். விரல் வேலை மட்டும் கணினிக்கு. முன்கணிப்பில் முடிவே கைமாறுகிறது. இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டு ‘நேரம் மிச்சம்’ என்று விற்பது நேர்மையல்ல.

காயம் என்று தொடங்கும் குறிப்பில் நான்கு கட்டங்களை வெறுமையாக விடுங்கள்: எந்த நீர், எந்த மீன், எத்தனை நாள், சர்க்கரை உண்டா. அவற்றில் ஒரு சொல்லையும் கணினி முந்திக்கொண்டு போடக்கூடாது.