‘அவ்வளவு தூரம் குண்டு வராது’ என்பவர்களுக்கு

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நார்த்தாமலையில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை. 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான்.

அன்றிலிருந்து இன்றுவரை, சுடுதளம் பற்றிப் பேச்சு வந்தால் போதும், ஐந்து சமாதானங்கள் வரிசையாக வந்து நிற்கும். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இந்த ஐந்தில் ஒன்றுகூட நிற்காது.

முதலாவது: ‘துப்பாக்கி 400 மீட்டர்தான் சுடும், இரண்டு கிலோமீட்டர் போனால் குண்டில் வேகம் இருக்காது.’

இந்தியப் படைகளின் இன்சாஸ் துப்பாக்கியின் பயன்தூரம் 400 மீட்டர் என்பது உண்மை. அதன் பொருள், அந்தத் தூரம்வரை குறிவைத்து அடிக்கலாம் என்பதுதான். 401ஆவது மீட்டரில் குண்டு கீழே விழுந்துவிடும் என்பதல்ல. 7.62 மி.மீ. ராணுவக் குண்டு அதிகபட்சம் நான்கு கிலோமீட்டர் அளவுக்குப் போகும். 5.56 மி.மீ. குண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். போலீசார் இடுப்பில் வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டலின் குண்டுகூட 1,800 மீட்டர் போகக்கூடியது. என்.சி.சி. மாணவர்கள் சுடும் .22 ரகத் தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல்வரை ஆபத்து என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். பொடிக் குண்டு என்று நாம் நினைப்பதற்கே இந்தக் கணக்கு.

வேகமும் அப்படித்தான். சுமார் 9.5 கிராம் எடையுள்ள 7.62 குண்டு, குழலை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகம் கொண்டது. இரண்டு கிலோமீட்டர் போனபின் அதில் நாலில் ஒரு பங்கு மிஞ்சினாலும் வினாடிக்கு 200 மீட்டர். அமெரிக்க ராணுவத்தின் ஜூலியன் ஹாட்சர், நேர்மேலே சுட்ட குண்டுகள் திரும்ப விழும் வேகத்தைச் சோதித்தார். வினாடிக்கு சுமார் 90 மீட்டர் என்று கிடைத்தது. மனித மண்டையோட்டைத் துளைக்க அதைவிடக் குறைந்த வேகமே போதும். தூரம் போன குண்டால் குறியை அடிக்க முடியாது. ஆளை அடிக்க முடியும்.

இரண்டாவது: ‘சுற்றிலும் மலை, குண்டு தாண்டாது.’

நார்த்தாமலை வட்டாரம் முழுக்கப் பாறைக் குன்றுகள். விஜயாலய சோழீச்சரம் கோயில் நிற்கும் மேலமலையும் அவற்றில் ஒன்று. ஆனால், குன்று இருப்பது வேறு, குண்டை நிறுத்துவது வேறு. குண்டை விழுங்குவது மணலும் இளக்கமான மண்ணும்தான். அதனால்தான் முறையான தளங்களில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு எழுப்பி, கல் பொறுக்கி, மழையில் கரைந்த இடத்தை மறுபடி நிரப்புகிறார்கள். மொட்டைப் பாறையில் சாய்வாகப் படும் குண்டு எகிறித் திசை மாறும். எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது.

மேலே தாண்டுவதற்கும் பெரிய பிழை வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை பத்து சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டாலே கோணம் ஆறு பாகையை நெருங்கும். இரண்டு கிலோமீட்டரைத் தொட ஏறத்தாழ அது போதும். தடுமாறிய கையிலோ, குழல் தூக்கியிருக்கும்போது தவறி அழுத்திய விசையிலோ இது நடக்கும். தாழ்ந்த குன்றுகளை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

மூன்றாவது: ‘தோட்டா கோணலாக இருந்திருக்கும். சரக்கு சரியில்லை என்றால் குண்டு எங்காவது போகத்தான் செய்யும்.’

துப்பாக்கி பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள் சொல்வது இது. தெரிந்ததில் பாதிதான். தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குக் கழுத்து உண்டு. குண்டு அதில்தான் செருகியிருக்கும். கழுத்து கூட்டின் நடு அச்சிலிருந்து விலகினால், குண்டும் குழலுக்குள் சற்றுச் சாய்ந்தே நுழையும். லேத் பட்டறையில் ‘ஆட்டம்’ என்பார்களே, அதேதான். தோட்டாவை வி வடிவத் தாங்கியில் கிடத்தி, கழுத்தின்மேல் டயல் கேஜின் ஊசியை வைத்து விரலால் மெல்ல உருட்டினால், முள் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு கோணல்.

வெளிநாடுகளில் உரிமத்துடன் தோட்டாவைத் தாமே நிரப்பும் போட்டி வீரர்கள் இந்தக் கோணலை எங்கே பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். (இங்கே 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.) சுட்டு முடித்த கூட்டை முதலில் உருட்டிப் பார்ப்பார்கள். துப்பாக்கியின் அறை கூட்டை நேராகவே வார்த்துவிடுவதால் அது பெரும்பாலும் ஆடாது. கழுத்தை இறுக்கும் அச்சில் கொடுத்து எடுத்தபின் ஆடினால், கழுத்தின் உட்புறத்தை விரித்தபடி வெளியே வரும் உருண்டை மீது சந்தேகம் விழும். அதைக் கழற்றிவிட்டு இன்னொரு கூட்டை இறுக்கினால் ஆட்டம் நின்றுவிட்டதா? அப்படியானால் உருண்டைதான் கழுத்தை இழுத்துக் கோணியது. அப்போதும் ஆடினால், பித்தளைச் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கிறதா என்று அளப்பார்கள். கழுத்துவரை எல்லாம் சரியாக இருந்தும் குண்டு செருகியபின் ஆடினால், பிழை செருகும் அச்சில்.

இவ்வளவு பாடும் எதற்காக? ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்குக்காக, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்காக. அந்தக் கோணலால் இலக்கில் வரும் சிதறல் 100 மீட்டரில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். கோணத்தில் சொன்னால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குள், அவ்வளவுதான். இந்தப் பிழையை இரண்டு கிலோமீட்டருக்கு நீட்டினாலும் விலகல் 60 சென்டிமீட்டரைத் தாண்டாது. கோணல் தோட்டா பதக்கத்தைப் பறிக்கும். குண்டை அடுத்த ஊருக்கு அனுப்பாது. பாகைக் கணக்கில் நடந்த தவறுக்கு, பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் காரணம் காட்டுவது கணக்கே அல்ல.

நான்காவது: ‘பயிற்சி பெற்ற வீரர்கள், குறி தப்பாது.’

குறி தப்பாதவருக்குப் பயிற்சி எதற்கு? தவறு செய்து திருத்திக்கொள்ளும் இடம்தான் சுடுதளம். ஆகவே, அங்கே தவறு நடக்கும் என்று வைத்துக்கொண்டே நிலத்தை அளக்க வேண்டும். உலகெங்கும் ராணுவங்கள் செய்வது அதைத்தான். குண்டின் அதிகபட்சத் தூரத்தை எடுத்து, இரு பக்கமும் சிதறலுக்கும் எகிறலுக்கும் இடம்விட்டு, அந்தப் பரப்பு முழுவதையும் அபாயப் பகுதி என்று குறிப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1938ஆம் ஆண்டுக் களச் சுடுபயிற்சிச் சட்டமே, அரசு அறிவிக்கை, முன்னறிவிப்பு, சேதத்துக்கு இழப்பீடு என்றெல்லாம் பேசுகிறது. வீரரின் திறமையை மட்டும் நம்பி அந்தச் சட்டமும் எழுதப்படவில்லை.

ஐந்தாவது: ‘தளத்தை எதிர்ப்பது படையை எதிர்ப்பது, புதுக்கோட்டையில் இனி யாருமே சுடக் கூடாதா?’

தாராளமாகச் சுடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் இந்த மண்ணின் மன்னர் குடும்பத்தவர்தான். ட்ராப் தோட்டாவில் இருப்பது அதிகபட்சம் 24 கிராம் ஈயச் சிதறல். ஒவ்வொரு குருணையும் 2.6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது போட்டி விதி. அந்தக் குருணைகள் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். அதற்கேற்ற மைதானம் போதும். ஆயுதத்துக்குத் தக்க நிலம் வேண்டும் என்பதுதான் கேள்வி. அவ்வளவு நிலம் இல்லாத இடத்தில் மேலே தடுப்புப் பலகை அமைத்த மூடிய தளம் கட்டலாம், அதற்குள் .22 ரகத்தில் பழகலாம், திரையில் சுடும் பாவனைப் பயிற்சியும் தரலாம். படைக்குப் பயிற்சி வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அதற்கான விலையை நார்த்தாமலைக் குடும்பம் ஏன் கொடுக்க வேண்டும்?

சுடுதளத்துக்கு அனுமதி கேட்டு இனி எந்தக் கோப்பு வந்தாலும், மாவட்ட நிர்வாகம் முதலில் ஒரு வேலை செய்யட்டும். அந்த இடத்தை மையமாக வைத்து, அங்கே சுடப்போகும் துப்பாக்கியின் அதிகபட்சத் தூரத்துக்குக் கிராம வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே வரும் வீடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சாலை எல்லாவற்றையும் எண்ணி, அந்தப் பட்டியலைக் கிராமசபையில் படிக்க வேண்டும். வட்டத்துக்குள் குடியிருப்பு இருந்தால், மூடிய தளம் கட்ட வேண்டும். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.